இருக்கிறபடிக்கு

போன வாரம் டாக்டரின் அறையிலிருந்து பாதிப் பேச்சில் எழுந்து வந்தாரே ஏலக்காரர், அதற்கப்புறம் அவர் வீட்டில் வாயையே திறக்கவில்லை.

துறைமுக மீன் சந்தையில் அவருக்கு மைக்செட் என்று பெயர். நிஜ மைக்செட் ஒன்று அங்கே தூணில் கட்டியிருக்கிறது. அவர் இருக்கும்வரை அதைப் போட வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. ஐஸ் பெட்டிப் பக்கத்தில் நின்று, ரப்பர் பூட்ஸ் காலால் ஒரு தட்டு தட்டி, "பாத்துக்க, மோந்துக்க, இருக்கிறபடிக்கு" என்று அவர் ஆரம்பித்தால், கடைசிப் படகில் வலை அலசுகிறவனும் திரும்பிப் பார்ப்பான்.

இருக்கிறபடிக்கு என்றால், உள்ளே இருப்பதை இப்போதே பார்த்துக்கொள், அப்புறம் குறை சொல்லிக்கொண்டு வராதே என்று அர்த்தம். மூணு தரம் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அப்படிச் சொன்ன பெட்டியை அவர் ஒருநாளும் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை. சொந்த மச்சான் வந்து கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்து உட்கார்ந்திருக்கிறது. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், இனிமேல் மூச்சு அந்த வழியாகத்தான் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் போதாதா என்று மகள் கேட்டாள். கட்டி அந்த நிலையைத் தாண்டிவிட்டது என்றார். நம் ஆள் என்ன செய்தார்? பழக்கதோஷம். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடுங்களேன் என்று பேரம் பேசினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. வருகிற புதன்கிழமை ஆபரேஷனுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகவும், சம்மதமா இல்லையா என்று சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். நடுவில் மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் கேட்டால் எதற்கும் காத்திருக்காதீர்கள், அந்த நிமிஷமே கிளம்பி வாருங்கள் என்றார். ஏலக்காரர் எழுந்தது அப்போதுதான்.

இன்றைக்கு அந்தச் சனிக்கிழமை.

காலையில் சந்தையிலிருந்து வந்தவர், குளித்தார், சாப்பிட்டார், ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி தையல் மெஷினில் யார் வீட்டுக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதி ஜன்னல்களுக்கு அவர் தைத்ததுதான் தொங்குகிறது. மெஷின் ஓடாத நேரத்தில் வீடு அமைதியாகக் கிடந்தது. மனைவிக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை.

"சந்தையில இன்னைக்கும் ஏலம் விட்டாராம்" என்றார் மகளிடம், புருஷன் காதில் விழும்படியாகவே. "கரகரன்னு கத்தியிருக்கார். இருக்கிற கொஞ்சக் குரலையும் மீனுக்குக் குடுக்கிறாரு. எனக்கு ஒரு வார்த்தை இல்ல."

ஏலக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

மகளுக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயந்தவர்களோடு ஒரே காரில் உட்கார்ந்து குரலை உயர்த்தாமல் பேசுவதுதான் அவள் பிழைப்பு. அந்தப் பொறுமை எல்லாம் அப்பாவிடம் செல்லுபடியாகவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவளுக்கு ஒரு விலாசம் தந்திருந்தாள். குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் சனிக்கிழமைதோறும் ஒரு பேக்கரி மாடியில் கூடுகிறார்களாம். ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று மகள் அப்பாவிடம் நேற்றே கேட்டுவிட்டாள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனைவி வேறொன்றும் பேசாமல் மெஷினை மூடிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஏலக்காரரும் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

அது பாடம் நடத்துகிற கார். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரில் போய் இடிக்காமல் வாத்தியார் மிதிப்பதற்கு. மகளுக்கு அது எப்போதும் தன் பக்கத்து பிரேக். இன்று அவள் ஓட்டுகிற இடத்தில் இருந்ததால், அது அப்பாவின் காலடியில் இருந்தது.

பேக்கரித் தெருவில் திரும்பி, பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். மகள் கியரைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், கடைசியில் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தாள்.

"அப்பா, கால எடுங்க."

அவர் எடுக்கவில்லை. செருப்புக் கால் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது. அவரைத் தாண்டிப் போக முடியாது என்பது மகளுக்குத் தெரியும். சரி, மீதி தூரத்தை நடந்தே போகலாம் என்று அவள் சொன்னதும்தான் அந்தக் கால் தளர்ந்தது; காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டாள்.

மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. குரல் போனவர்களின் கூட்டம் என்றால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும் என்று மூன்று பேருமே எதிர்பார்த்திருந்தார்கள். உள்ளே கல்யாண வீட்டு இரைச்சல். ஒருவர் கழுத்துத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு கரகரவென்று கதை சொல்ல, இன்னொருவர் சிலேட்டில் அதற்குப் பதில் எழுதி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். மாவு மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. எல்லோர் கழுத்திலும் சின்னதாக ஒரு துணி தொங்கியது.

பேக்கரிக்காரம்மா எழுந்து வந்தார். டார்ச் லைட் அளவிலிருந்த ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினார். ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல் வந்தது.

"வாங்க. பயப்படாதீங்க. நான் போன் பண்ணா எல்லாரும் ஏதோ கம்பெனி விளம்பரம்னு வெச்சுடறாங்க. நீங்க எதிர்ல நிக்கிறீங்க, வெக்க முடியாது."

மகள் சிரித்துவிட்டாள். ஏலக்காரர் சிரிக்கவில்லை. கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

பேக்கரிக்காரம்மாவின் கணவர் டீயோடு வந்து, தாயையும் மகளையும் பின்பக்க பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போனார். வீட்டு ஆட்கள் கூட இருந்தால் புதிதாக வருகிறவர் நடிப்பார், அதனால் முதல்நாள் தனியாக விட்டுவிடுவது இங்கே வழக்கம் என்றார். கதவையும் சாத்திக்கொண்டார்.

பால்கனியில் ஏலக்காரர் மனைவி கொட்டித் தீர்த்தார். மீனோடு பேசுகிறார், என்னோடு பேசமாட்டேன் என்கிறார் என்று முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த அன்றைக்குத் தன் மனைவி மாவு பிசைய ஆரம்பித்தவள், ஒரு வாரம் தன் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை என்றார். இப்போதெல்லாம் சண்டை வந்தால் கருவியை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவாளாம். அதற்கு மேல் ஒரு மனுஷன் யாரோடு சண்டை போடுவது என்று கேட்டார். தாயும் மகளும் அழுகையோடு சிரித்தார்கள்.

ஏலக்காரர் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் கட்டுகிற அந்தத் துணியை யார் தைக்கிறார்கள் என்று விசாரித்தார். ஓரம் சரியாக மடிக்கவில்லை, உள்ளே மெல்லிசாக இன்னொரு துணி கொடுத்தால் உறுத்தாது என்றார். அதைச் சொல்லி முடித்தபிறகுதான், தான் யாருடைய கழுத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

உள்ளே ஏலக்காரரை யாரும் வற்புறுத்தவில்லை. பேச்சு அவரைச் சுற்றிக்கொண்டு அதுபாட்டுக்குப் போனது. சிகரெட்டா என்று எல்லோரும் கேட்பார்கள், தான் தொட்டதுகூட இல்லை என்றார் பேக்கரிக்காரம்மா. விரலால் துளையை அடைத்துப் பேசியவர் லிஃப்ட் மெக்கானிக். தான் தொட்டவன்தான், அதற்காக வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றார். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் எப்படி நிற்பது என்று ஒருவர் நடித்துக் காட்டினார்.

ஏலக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். மூக்கு ஒருமுறை விடைத்தது.

சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. லிஃப்ட் மெக்கானிக் கதை சொல்லிக்கொண்டே இருந்தார், பேக்கரிக்காரம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கீழேயிருந்து மாடிப்படி வழியாகக் கருகல் வாடை ஏறி அறையே நிறைந்துவிட்டது. இவர்கள் என்னடா என்றால் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கருகுது" என்றார் ஏலக்காரர்.

சந்தையில் கத்துகிற கத்தல். உடைந்த குரல்தான், ஆனாலும் பால்கனிக் கதவைத் தாண்டிப் போனது. பேக்கரிக்காரம்மா புரிந்துகொண்டு கீழே ஓடினார். அவர் கணவர் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். புது ஆட்களோடு பேசுகிற ஜோரில் மனிதர் அடுப்பில் வைத்ததை மறந்திருந்தார்.

பேக்கரிக்காரம்மா திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு, அதில் கருத்துப்போன பன்கள். எல்லோரும் ஏலக்காரருக்குக் கை தட்டினார்கள். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"உங்க யாருக்குமே தெரியலையா?"

பதில் சொல்ல லிஃப்ட் மெக்கானிக் விரலைத் தூக்கித் துளையில் வைத்தார். மூச்சு கழுத்து வழியாகப் போய்விடுகிறது, மூக்குக்குக் காற்று வருவதில்லை, அதனால் வாசனையும் வருவதில்லை என்றார். டாக்டருக்குக் கட்டிதான் பெரிய விஷயம், இதைப் பலரும் சொல்ல மறந்துவிடுவார்கள் என்றார்.

ஏலக்காரர் எழுந்து நின்றார். குரல் போகும் என்பதோடுதான் அவர் இத்தனை நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மீனின் செவுளைத் தூக்கி ஒரு தரம் மோந்தால் போதும், எந்தப் படகு எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். சந்தையில் அவர் வார்த்தைக்கு மதிப்பு வந்தது குரலால் மட்டும் இல்லை. அதுவும் போகிறதென்றால் புதன்கிழமைக்கு அப்புறம் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனக்கு என்ன வேலை?

அவர் கதவை நோக்கி நடந்தார். பேக்கரிக்காரம்மா தடுக்கவில்லை. கருகிய பன் ஒன்றை எடுத்துத் தன் மூக்கருகே வைத்துக்கொண்டு, அவரைத் தன்னைப் பார்க்கும்படி சைகை செய்தார். உதட்டை இறுக்கி மூடினார். தாடை மட்டும் கீழே இறங்கியது. மூடிய வாய்க்குள் ஒரு பெரிய கொட்டாவி. சபையில் கொட்டாவியை மறைக்கிறவர் மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப அதையே செய்தார். அப்புறம் கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"கருகல். அடியில கொஞ்சம் வெண்ணெய்."

வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டால் மூக்குக்குள் கொஞ்சம் காற்று ஏறுமாம். மருத்துவமனையில் யாரோ சொல்லிக்கொடுத்ததை இங்கே உட்கார்ந்து எல்லோரும் பழகினார்களாம். தினமும் வராது, சிலருக்கு எப்போதுமே வருவதில்லை என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்குக் கருவாடும் சோப்பும் ஒன்றுதான் என்றார்.

லிஃப்ட் மெக்கானிக் ஒத்துக்கொண்டார். அப்புறம் ஏலக்காரரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"வாசனை போகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேனோன்னு அப்பப்ப நெனைப்பேன். சொல்லியிருந்தா, இப்ப உக்காந்து நெனைக்க ஆள் இருந்திருக்க மாட்டேன்."

ஏலக்காரர் கை நீட்டி அந்தப் பன்னை வாங்கிக்கொண்டார். உதட்டை மூடினார். தாடையை இறக்கினார். முகம் போன போக்கைப் பார்த்து ஒருவர் சத்தமில்லாமல் குலுங்க ஆரம்பித்தார். சத்தம் வராமலே அறை முழுக்கச் சிரித்தது. ஏலக்காரருக்கும் சிரிப்பு வந்து, இருமலாக மாறி, கண்ணில் நீர் முட்டியது. பால்கனிக் கதவோரம் நின்று அதைப் பார்த்த அவர் மனைவிக்கு, டாக்டரிடம் போனதிலிருந்து இப்போதுதான் ஒரு மூச்சு ஒழுங்காக வந்தது.

கிளம்பும்போது அடுத்த சனிக்கிழமை வருவீர்களா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. பேக்கரிக்காரம்மா ஒரு பையில் கருகாத பன்களைப் போட்டுக் கொடுத்தார்.

தெருவில் வெயில் இறங்கியிருந்தது. காரில் மூன்று பேரும் அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். மகள் சாவியைத் திருகி கிளட்சை விட்டாள். வண்டி உறுமிவிட்டு அணைந்தது. அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். அப்பாவின் கால் பிரேக்கில் இருந்தது.

இந்தத் தடவை அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உன்கிட்ட பேசலேன்னு கோபம்" என்றார் ஏலக்காரர் மனைவியிடம், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. வார்த்தைகள் உரசி உரசித்தான் வந்தன. "உன்கிட்ட வாயத் திறந்தா அழுதுடுவேன். மீன்கிட்ட அழுகை வராது."

பின்சீட்டில் இருந்தவர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் அழுவேன் என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"பேச்சு போகும்" என்றார் ஏலக்காரர். "வாசனை போகும். கழுத்துல ஓட்டை. ராத்திரி நீ தூக்கத்துல பயந்துக்குவ. அப்படி ஒரு ஆள வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

அவர் மனைவி சந்தைப் பக்கமே போனவர் இல்லை. மீன் நாற்றம் வீட்டுக்கு வருவது போதும் என்பார். ஆனால் ஒவ்வொரு விடிகாலையும் குளியலறைக்குள் புருஷன் சத்தம் போட்டு ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக்கொண்டே கண் விழித்தவர். முன்சீட்டின் பின்பக்கத்தைக் கையால் ஒரு தட்டு தட்டினார்.

"பாத்தாச்சு. மோந்தாச்சு" என்றார். "இருக்கிறபடிக்கு எனக்கு. வேற யாராவது கேக்கறாங்களா?"

மகள் ஸ்டீரிங்கின் மேல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கல. ஒரு தரம்" என்றார் அவர் மனைவி.

ஏலக்காரர் அசையவில்லை.

"ரெண்டு தரம்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மூன்றாவதை ஏலக்காரர்தான் சொல்லவேண்டும், அந்த அளவுக்கு அவருக்கும் முறை தெரியும். தெருவில் யாரோ கடை ஷட்டரை ஏற்றினார்கள். சொல்லிவிட்டால் சொன்னதுதான் என்பது காருக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ஏலக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். புருஷன் முகத்தில் பன் கருகலின் கரி ஒரு கோடு ஒட்டியிருந்தது.

"மூணு தரம்" என்றார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வழியிலேயே வண்டியை நிறுத்தி மருத்துவமனைக்குப் போன் போட்டு, புதன்கிழமை வருகிறோம் என்று மகள் சொன்னாள். போனைத் தானே வாங்கி ஏலக்காரரும் ஒரு தடவை சொன்னார். வீடு வரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒரு ஏலம் விடவேண்டும், அதற்கு மனைவி சந்தைக்கு வரவேண்டும் என்றார். மூக்கைப் பொத்திக்கொண்டு வருவேன் என்றார் அவர். பொத்தாமல் வா என்றார் இவர்.

வீட்டுப் படியில் ஏலக்காரர் முன்னால் ஏறினார், பன் பையைக் கையில் பிடித்தபடி. திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க நின்றார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிசாக, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தரம், கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு விசில்.

அவர் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். மனைவி ஒரு படி ஏறி வந்து அவர் முதுகில் கையை வைத்தார். இரண்டு பேரும் திரும்பிக் கீழே நின்ற மகளைப் பார்த்தார்கள்.

மகள் கைப்பைக்குள் போட்டிருந்த கார் சாவியை மறுபடி வெளியே எடுத்தாள்.